தூத்துக்குடியில் ‘பர்னாந்து’ உண்டு, ‘பால்டேயஸ்’ ஏன் இல்லை? ஒரு டச்சுப் பெயரின் கதை!

பாஸ்போர்ட், விசா, ஃபிளைட் டிக்கெட்... எந்த ஃபார்மைத் திறந்தாலும் ‘லாஸ்ட் நேம்’ என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். நம்மில் பலர் அங்கே ஒரு நிமிஷம் முழிப்போம். அப்பா பேரைப் போடுறதா, இனிஷியலை விரிச்சு எழுதுறதா, இல்லை ஒரு புள்ளியை வெச்சுட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடலாமா? ஆனா உங்க காலேஜ்ல ஒரு தூத்துக்குடி பையனோ பொண்ணோ படிச்சிருந்தா கவனிச்சிருப்பீங்க. அவங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. பர்னாந்து, டி குரூஸ், மோத்தா, ரோச், மிராண்டா, மச்சாடோ, கொரைரா என்று கையோடு ஒரு குடும்பப் பெயர் வைத்திருப்பார்கள். எல்லாமே போர்த்துகீசியப் பெயர்கள்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. முத்துக்குளித்துறை என்று அழைக்கப்பட்ட இந்தக் கடற்கரையில் போர்த்துகீசியர்கள் கோலோச்சியது 1530-களில் இருந்து 1658 வரை. சுமார் 120 வருஷம். அவர்களை விரட்டிவிட்டு வந்த டச்சுக்காரர்கள் 1825-ல் ஆங்கிலேயரிடம் ஊரை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள். நடுவில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த வருஷங்களைக் கழித்துப் பார்த்தாலும், டச்சுக் காலம்தான் நீளம். அப்படியிருக்க, தூத்துக்குடி கடை போர்டுகளில் ஒரு டச்சுக் குடும்பப் பெயரைத் தேடிப் பாருங்க. கிடைக்காது.

ஏன்? இதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு டச்சுக்காரரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் போதும். பெயர், பிலிப்பஸ் பால்டேயஸ். பாதிரியார். தூத்துக்குடி மக்களின் மதத்தை மாற்ற வந்தவர். வேடிக்கை என்னன்னா, அவர் பேரே மாற்றி வைத்துக்கொண்ட பேர்தான்.

ஒரே ஊர், ஒரே வருஷம்

1632. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம். அந்த ஒரே வருஷத்தில் அந்தச் சின்ன ஊரில் மூன்று குழந்தைகள் பிறக்கின்றன. ஒன்று, பின்னாளில் முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியத்தால் உலகப் புகழ் பெறப்போகும் யோஹன்னஸ் வெர்மீர். இரண்டாவது, மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாக பாக்டீரியாவைப் பார்க்கப்போகும் லேவன்ஹூக். மூன்றாவதுதான் நம்ம ஆள். முத்துத் தோடு வரைந்தவர் டெல்ஃப்ட்டை விட்டுப் பெரிதாக எங்கும் போகவில்லை. முத்து எடுக்கும் ஊருக்கே வந்து சேர்ந்தது மூன்றாவது குழந்தை. (அந்த ஓவியத்தில் இருப்பது நிஜ முத்தாக இருக்க முடியாது, அவ்வளவு பெரிய முத்து ரொம்ப அபூர்வம் என்று கலை ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அது வேற பஞ்சாயத்து.)

அப்பா யான் பால்டே. அம்மா மரியா டி யோங்கே. ஆக, குழந்தையின் வீட்டுப் பெயர் பிலிப் பால்டே. பால்டேயஸ் இல்லை, வெறும் பால்டே.

டச்சுக் குடும்பப் பெயர்கள் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா, அது ஒண்ணும் நமக்கு அந்நியமான சமாச்சாரம் இல்லைன்னு புரியும். அப்பா பேரோடு மகன் என்று சேர்த்துக்கொள்வது ஒரு வகை. யான் என்பவரின் மகன் யான்சன், பீட்டரின் மகன் பீட்டர்சன். நம்ம இனிஷியலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஊர்ப் பெயருக்கு முன்னால் ‘வான்’ போட்டுக்கொள்வது இன்னொரு வகை. நம்ம ஊர்ல பேருக்கு முன்னால கும்பகோணம், உடுமலைன்னு போட்டுக்கிற மாதிரி. தொழில் பெயர்களும் உண்டு. டி ஃபிஸர் என்றால் மீன்பிடிப்பவர், பாக்கர் என்றால் ரொட்டி சுடுபவர். 1811-ல் நெப்போலியன் ஆட்சியில்தான் எல்லாரும் ஒரு குடும்பப் பெயரைப் பதிவு செய்தே ஆகணும்னு உத்தரவு வந்தது. அதுக்கு முன்னாடி பெயர் என்பது கொஞ்சம் இளகின சங்கதி.

பால்டே இந்த வகைகளில் அப்பா பேர் ரகம். பால்ட் என்ற பழைய ஜெர்மானியச் சொல்லுக்குத் துணிச்சல் என்று பொருள். அந்தச் சொல்லில் தொடங்கும் ஆள் பெயர்களைச் சுருக்கிக் கூப்பிட்டதில் வந்தது பால்டே என்பது பெயராய்வாளர்கள் தரும் விளக்கம். பெல்ஜியத்தின் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பக்கம் இன்றும் பால்டே குடும்பங்கள் இருக்கின்றன. இதுல ஒரு சுவாரஸ்யம், போர்த்துகீசிய ஃபெர்னாண்டோவும் பழைய ஜெர்மானிய மூலத்தில் இருந்து வந்த பேர்தான். பயணம், துணிச்சல் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. ஆக, தூத்துக்குடி பர்னாந்துவுக்கும் டெல்ஃப்ட் பால்டேவுக்கும் பெயரளவில் ஒரே அர்த்தம் பாதிக்குப் பாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, கதைக்கு வருவோம். 1636-ல் டெல்ஃப்ட்டில் கொள்ளைநோய். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நாலு வயசுப் பிலிப் மட்டும் மிச்சம். தாத்தா எடுத்து வளர்த்தார். கொரோனா நாட்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில வருஷங்களில் தாத்தாவும் இறந்துபோக, அடுத்து அந்தப் பையனின் வாழ்க்கைக்குள் வருகிறார் அம்மா வழி உறவினர் ஒருவர். ராபர்ட்டஸ் யூனியஸ். இன்றைய தைவானில் டச்சுக் கம்பெனியின் பாதிரியாராகப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, அந்த மக்களின் மொழியைக் கற்று, ஊர் திரும்பியவர். அவர் பேரைக் கவனியுங்க. அம்மா வீட்டுப் பேர் டி யோங்கே. இளையவர், சின்னவர் என்று அர்த்தம். அதைத்தான் லத்தீனில் யூனியஸ் ஆக்கிக்கொண்டார்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் படித்தவர்களின் ஃபேஷன் இது. பல்கலைக்கழகப் பதிவேட்டில் லத்தீனில்தான் பெயர் எழுதுவார்கள். டெல்ஃப்ட்டிலேயே பிறந்த சட்ட அறிஞர் ஹியூகோ டி க்ரோட், க்ரோஷியஸ் ஆனார். மேப் போட்ட கிரேமர், மெர்கேட்டர் ஆனார். நம்ம பக்கம் இதுக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் ஆனதும், வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதும் நமக்குத் தெரியும். இவர்கள் வெளியிலிருந்து வந்த சொல்லை விட்டு வீட்டு மொழிக்குத் திரும்பினார்கள். டச்சு அறிஞர்களோ வீட்டு மொழியை விட்டு வெளியே போனார்கள்.

குரோனிங்கன், லைடன் பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து வெளியே வந்த இளைஞன் பிலிப் பால்டே இல்லை. பிலிப்பஸ் பால்டேயஸ்.

கப்பலேறிய பெயர்

1654-ல் உறவிலேயே கல்யாணம். மனைவி மரியா வான் காஸ்டெல். கையோடு இருவரும் கப்பலேறி பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகிறார்கள். மரியா அங்கிருந்து திரும்பவே இல்லை. கொஞ்ச காலத்திலேயே இறந்துவிட்டார். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசுக்குள் தன் வீட்டார் அத்தனை பேரையும் பறிகொடுத்த ஒருவர், இலங்கையின் காலித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார். பிறகு மறுமணம் செய்துகொண்டார்.

அவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் சுருக்கம் என்ன தெரியுமா? வி.ஓ.சி. ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பெனி என்பதன் டச்சு முதலெழுத்துகள். ஆமாம், நம்ம வ.உ.சிதம்பரனார் ஆங்கிலத்தில் இனிஷியல் போட்டால் வருகிற அதே மூன்று எழுத்துகள்தான். ஒரு வி.ஓ.சி கப்பல்களோடு வந்து இந்தத் துறைமுகத்தைப் பிடித்தது. இன்னொரு வி.ஓ.சி 1906-ல் இதே துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். இன்றைக்குத் துறைமுகத்தின் பேரே வ.உ.சிதம்பரனார் துறைமுகம்.

1658-ன் தொடக்கத்தில் தளபதி ரைக்லாஃப் வான் கூன்ஸ் தலைமையில் டச்சுப் படை போர்த்துகீசியர்களைக் கடற்கரை கடற்கரையாக விரட்டியது. முதலில் தூத்துக்குடி. அடுத்து மன்னார். ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை. படையோடு கூடவே வந்த பாதிரியார் பால்டேயஸ். வயசு இருபத்தைந்து.

தூத்துக்குடியில் அவர் பார்த்தது, சுற்றுமதில் இல்லாத ஒரு ஊரையும், கடலில் வரும்போதே கண்ணில் படும் பெரிய பெரிய மாதா கோயில்களையும். அந்தக் கோயில்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருந்தது.

முத்துக் குளிப்பவர்கள் பரதவர்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் கடலின் அடிக்குப் போய், முத்துப் பாரில் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டு, கயிற்றை அசைத்தால் மேலே தோணியில் இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது உண்டு. தங்கச்சி தாலி மேல அவனுக்கு இல்லாத அக்கறையா, அப்படிங்கிற கணக்கு. இவ்வளவு உயிரைக் கொடுத்து எடுக்கும் முத்துக்கு யார் அதிகாரம் செய்வது என்பதில் 1530-களில் இந்தக் கடற்கரையில் பெரிய மோதல். பரதவர் தலைவர்களின் குழு ஒன்று கொச்சிக்குப் போய் போர்த்துகீசியர்களின் பாதுகாப்பைக் கேட்டது. அதற்குக் குதிரை வியாபாரி ஜுவாங் டா குரூஸ் வழிகாட்டினார். பதிலுக்கு ஞானஸ்நானம். 1537-க்குள் ஊர் ஊராக சுமார் 20,000 பேர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். புதுப் பெயர் சூட்டும்போது, ஞானத் தந்தையாக நின்ற போர்த்துகீசியரின் குடும்பப் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. அப்படி வந்தவைதான் பர்னாந்தும் மோத்தாவும் மிராண்டாவும்.

உயிர் பிழைக்கப் போட்ட ஒப்பந்தத்தில் கிடைத்த பெயர்கள்தான். ஆனால் 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். பின்னால் புன்னைக்காயலில் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் தமிழ் படித்து, 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பாட்டன், அப்பன், மகன் என நாலு தலைமுறை ஓடிவிட்டது. பால்டேயஸ் வந்து நின்றபோது அது இரவல் பெயராகவோ இரவல் மதமாகவோ இல்லை. அவர்களுடையதாகவே ஆகியிருந்தது.

டச்சுக்காரர்கள் பின்பற்றியது சீர்திருத்தச் சபை. சுரூபம் கூடாது. மெழுகுவத்தி, சப்பரம், புனிதர் திருநாள் எதுவும் கூடாது. கத்தோலிக்கக் குருமார்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் கம்பெனி வசம் போயின. பால்டேயஸ் இந்தக் கடற்கரைக்கு வந்து பிரசங்கம் செய்து பார்த்தார். பரதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே நடந்து போனார்கள். துறைமுகம்தான் கம்பெனி கையில். அதைத் தாண்டினால் மதுரை நாயக்கர் மண். அங்கே இருந்த பாதிரியார்களிடம் பூசை பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை தோணி இறக்க வந்துவிடுவார்கள்.

கம்பெனியால் அழுத்தவும் முடியவில்லை. முத்தும் சங்கும் கடலுக்கு அடியில் இருக்கின்றன, மூழ்கி எடுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்தான். ஜாதித் தலைவரும் பட்டங்கட்டிகளும் முகம் திருப்பினால் சலாபமே நடக்காது. மதமா, முத்தா என்ற கேள்வி வந்தபோது வியாபாரக் கம்பெனி எதைத் தேர்ந்தெடுக்கும்னு சொல்லணுமா என்ன?

பால்டேயஸ் இதைத் தன் புத்தகத்தில் மறைக்கவில்லை. பரதவர்கள் ரோமன் கத்தோலிக்கத்தை விடத் தயாராக இல்லை, தன் முயற்சி பலிக்கவில்லை என்பதைப் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய ஜெபமாலைப் பிடிப்பை அவர் ரசிக்கவும் இல்லை. ஆனால் தோற்றதைத் தோற்றதாக எழுதினார் பாருங்க, அதுக்காக எனக்கு அவரைக் கொஞ்சம் பிடிக்கும்.

பேர் விஷயத்துக்கு வருவோம். டச்சு சபை, கத்தோலிக்க ஞானஸ்நானத்தைச் செல்லாது என்று சொல்லவில்லை. அதனால் சபை மாறிய சிலருக்கும்கூட மறுபடி ஞானஸ்நானம், மறுபடி பெயர் என்ற பேச்சுக்கு இடமில்லை. பழைய பெயர் அப்படியே தொடர்ந்தது. இதுதான் கடை போர்டு மர்மத்துக்கு விடை.

யாழ்ப்பாணம், ஒரு புத்தகம், ஒரு திருட்டு

1658 முதல் 1665 வரை அவருக்கு வீடு யாழ்ப்பாணம். ஊர் ஊராகப் போய் பள்ளிக்கூடங்களையும் ஆலயங்களையும் பார்வையிட்டார், குறிப்பெடுத்தார். மக்களிடம் பேச அவருக்கு உதவிய மொழி எது? டச்சு இல்லை. போர்த்துகீசியம்! துரத்தியடித்த எதிரியின் மொழியைக் கற்றுக்கொண்டுதான் டச்சுப் பாதிரியார் பிரசங்கம் செய்ய வேண்டியிருந்தது. தமிழும் படித்தார். அந்தத் தமிழுக்கு ஐரோப்பியர்கள் வைத்திருந்த பேரே வேற... மலபார் மொழி!

கம்பெனி நிர்வாகத்தோடு அவருக்கு உரசல்கள் உண்டு. பள்ளிகள் யார் பொறுப்பு, சபைக் காரியங்களில் வணிகர்கள் எவ்வளவு தலையிடலாம் என்பது மாதிரி. கடைசியில் ஊர் திரும்பினார். ஹீர்ஃப்லீட் என்ற சிற்றூரில் போதகர் வேலை. நாற்பதைத் தொடுவதற்கு முன்பே காலமானார்.

1672-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது அவருடைய பெரிய புத்தகம். மலபார், கோரமண்டல் கடற்கரைகள், இலங்கை ஆகியவற்றின் விவரணை. தூத்துக்குடியின் படம் அதில் இருக்கிறது. தமிழ் எழுத்துகளும், இலக்கணக் குறிப்புகளும், கிறிஸ்தவ ஜெபத்தின் தமிழ் வடிவமும் இருக்கின்றன. அதே வருஷம் ஜெர்மனில் வந்தது, 1703-ல் ஆங்கிலத்தில் வந்தது. ஐரோப்பா நம் கடற்கரையைத் தெரிந்துகொண்ட முக்கியமான ஜன்னல்களில் ஒன்று இது.

ஆனால் இந்துக் கடவுள்களைப் பற்றிய பகுதி இருக்கிறதே, அதன் பெரும்பகுதி அவர் எழுதியது இல்லை. கேரளத்தில் பல வருஷம் வாழ்ந்து, பால்டேயஸ் பிறந்த அதே 1632-ல் இறந்துபோன ஜேக்கப்போ ஃபெனிசியோ என்ற இத்தாலிய சேசு சபைப் பாதிரியாரின் கையெழுத்துப் பிரதியில் இருந்து எடுத்தது. 1933-ல் அந்த மூலப் பிரதியைப் பதிப்பித்த ஸ்வீடன் அறிஞர் யார்ல் சார்பென்டியர் வரிக்கு வரி ஒப்பிட்டு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். எந்தக் கத்தோலிக்கர்களை மாற்ற முடியவில்லையோ, அவர்களுடைய பாதிரியார் ஒருவரின் உழைப்பு, பால்டேயஸ் என்ற பெயருக்குக் கீழே இரண்டரை நூற்றாண்டு ஓடியிருக்கிறது. ஃபெனிசியோ பேரை ஒரு வரியில் போட்டிருந்தால் என்ன குறைந்துவிட்டிருக்கும்?

1668-ல் யோஹன் டி லா ரொக்கெட் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் தேடினால் கிடைக்கும். பால்டேயஸ் மட்டும் இல்லை, கூடவே இன்னொருவரும் இருக்கிறார். அவர் பெயர் கெரிட் மொசோபொட்டாம் என்று பதிவாகியிருக்கிறது. கெரிட் என்பது அசல் டச்சு முதற்பெயர். பின்பாதி டச்சும் இல்லை. படத்தைப் பார்க்கும்போது எனக்கென்னவோ அந்த இரண்டாவது ஆள் மேலதான் கண் போகுது.

டச்சுக் குடும்பப் பெயர்கள் கடல் தாண்டி இலங்கையில் தங்கின. வான் லாங்கன்பர்க், வான் டார்ட் என்று பறங்கியர் குடும்பங்களில் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் தலைகீழ். பால்டேயஸ் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், 1659-ல், தஞ்சாவூரில் இருந்து ஒரு தமிழ் வைத்தியர் டச்சு ஆளுநரின் மனைவிக்கு வைத்தியம் பார்க்க இலங்கை போனார் என்கிறது ஒரு குடும்பத்தின் வரலாறு. அங்கேயே தங்கிவிட்டார். அவர் தமிழ்ப் பெயர் டச்சு எழுத்துக்கூட்டலில் நுழைந்து வெளியே வந்தபோது ஒன்டாட்ஜே ஆகியிருந்தது. 1992-ல் புக்கர் பரிசு வாங்கிய எழுத்தாளர் மைக்கேல் ஒன்டாட்ஜே அந்தக் குடும்பம்தான்.

அடுத்த முறை தூத்துக்குடிக்குப் போனால், மக்ரூன் வாங்கிய கையோடு இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டு வாங்க. ஒன்று, 1750-ல் டச்சுக்காரர்கள் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம். டச்சுப் பெயர்களை இந்த ஊரில் தேடணும்னா, அந்தக் காலத்துக் கல்லறைக் கற்களில்தான் தேடணும். இன்னொன்று, பனிமய மாதா பேராலயம். அது கட்டி முடிக்கப்பட்ட வருஷம் 1713. ஊர் அப்போது யார் கையில் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்க. முத்துச் சலாபம் 1961-ஓடு நின்றுபோச்சு. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்குக் கூட்டம் இன்னும் குறையவில்லை. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாரிடமாவது பேர் கேட்டால் பர்னாந்து, மோத்தா, மிராண்டா என்றுதான் பதில் வரும்.